டபுள் பாஸுக்குப் பதிலாக

1

இந்தக் கதை எனக்காகத் தோன்றியதல்ல, என்னிடம் கேட்டு வாங்கப்பட்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தேசிய நாள் முடிந்த கையோடு ஒரு பத்திரிகை ஆசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டார். விழாவின் சூடு ஆறுவதற்குள் ஒரு கதை வேண்டும் என்றார்.

"பூங்காவுல பேண்டு கச்சேரி நடந்துச்சே, அதை வச்சே எழுதுங்களேன் சார். கொஞ்சம் நாட்டுப்பற்று, கொஞ்சம் கண்ணீர், கடைசியில மனசு நிமிர்ற மாதிரி ஒரு முடிவு. உங்களுக்கென்ன, இதெல்லாம் தண்ணி பட்ட பாடு."

அந்தப் பேண்டை நடத்துவது என் அக்கா என்று அவருக்குத் தெரியாது. அங்கே நடந்ததைப் பற்றி ஒரு விசாரணை வரப்போகிறது என்றும் தெரியாது. நானும் சொல்லவில்லை. என்னைப் புகழ்ந்துவிட்டால் எனக்கு வாய் அடைத்துவிடும். சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். பிறகுதான் நாட்காட்டியைப் பார்த்தேன். இதழ் கடைக்கு வருவது செவ்வாய்க்கிழமை, விசாரணை அதே வாரம் வியாழக்கிழமை. அதாவது, நீங்கள் இதைப் படிக்கும்போது விழாக்குழுவும் படித்துக்கொண்டிருக்கும்.

2

தொடக்கங்கள்.

"கொடிகள் படபடக்க, மக்கள் வெள்ளம் பூங்காவை நோக்கி"

(நிறுத்து. வெள்ளமெல்லாம் வரவில்லை. பின்வரிசையில் பாதி நாற்காலி காலி. சிலர் நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்திருந்தார்கள்.)

"இசைக்கு மொழி இல்லை என்பார்கள். ஆனால்"

(இதை எழுதியது நான்தானா? எனக்கே வெட்கமாக இருக்கிறது.)

"எங்கள் ஊர்ப் பேண்டில் டபுள் பாஸ் கிடையாது."

(இது இருக்கட்டும். சின்ன உண்மை. யாரையும் மாட்டிவிடாது என்றுதான் அப்போது நினைத்தேன்.)

3

எங்கள் ஊர்ப் பேண்டில் டபுள் பாஸ் கிடையாது. ஆளுயர வயலின்போல நின்றபடி அடிக்குரலில் உறுமுமே, அந்தக் கருவி. செல்லோ இல்லை, வயலின் இல்லை, வில் வைத்து இழுக்கிற கருவி எதுவுமே இல்லை. ஊதுவதும் அடிப்பதும்தான். கிளாரினெட், டிரம்பெட், டிராம்போன், அக்கா செல்லமாக ‘குண்டன்’ என்று கூப்பிடும் யூபோனியம், டிரம்கள். நகரசபை ஊழியர்கள், பள்ளி ஆசிரியர்கள், ஒரு பல் மருத்துவர் எல்லாரும் சேர்ந்த குழு. ஆனால் தேசிய நாள் என்றால் ஒரு சிம்பொனியிலிருந்து ஏதாவது வாசித்தே ஆக வேண்டும். யார் ஆரம்பித்து வைத்த வழக்கமோ தெரியாது. எந்தக் காலத்திலோ, எங்கோ ஒரு பெரிய மண்டபத்துக்காக, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், இருமக்கூட யோசிக்கிற கூட்டத்தை மனதில் வைத்து ஒருவர் எழுதிய இசை. அதைக் குழந்தை அழுகைக்கும் மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கும் நடுவே பூங்காவில் வாசிக்க வேண்டும். கேட்கிறவர்களுக்கு நாட்டின் மேல் அன்பு வேறு பொங்க வேண்டும்.

அதற்குத் தகுந்தமாதிரி அந்த இசையை மாற்றி எழுதுவது அக்கா. குழுவுக்கு முன்னால் நின்று கையசைத்து நடத்துவதும் அவள்தான். ஊரில் அவளுக்கு ‘மாஸ்டரம்மா’ என்று பெயர். அவள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒரு பாதி எப்போதும் இசைத்தாள்களுக்கு. அழித்து அழித்து எழுதுவாள். அத்தான், அதாவது அக்காவின் கணவர், சாப்பிட உட்காரும்போது முதலில் குனிந்து ரப்பர் துகள்களை ஊதிவிட்டுத்தான் தட்டை வைப்பார்.

"வயலின்காரனுக்கு வில்லு இருக்கு, இழுத்துட்டே போவான்," என்று அக்கா எனக்கு ஒருமுறை விளக்கினாள். "ஊதுறவனுக்கு மூச்சு வேணும்டா. ஒருத்தன் மூச்சு வாங்குறப்ப அடுத்தவன் தாங்கிக்கணும். கேக்குறவனுக்கு அது தெரியக் கூடாது. அதைப் பாத்துப் பாத்து எழுதறதுதான் என் வேலை. மத்ததெல்லாம் சும்மா."

"அப்ப நாட்டுப்பற்று?"

"அது கடைசிப் பக்கத்துல வரும். நடுவுல நீ எவ்வளவு வேணா அழு. கடைசியில பித்தளைத் தட்டை ரெண்டு தடவை ஓங்கி மோதிட்டா போதும், நாடு சந்தோஷமா வீட்டுக்குப் போயிடும்."

(நானும் இப்போது அதே வேலையைத்தான் செய்கிறேன். நரம்பில் நடுங்கிக்கொண்டிருந்த ஒன்றை எடுத்து, என்னிடம் இருக்கிற வாத்தியங்களுக்கு மாற்றி எழுதுகிறேன். தட்டை எங்கே மோதுவது என்றுதான் இன்னும் தெரியவில்லை.)

4

எங்கள் ஊர்க்காரர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடப்பது புரியாது.

தேசிய கீதத்துக்கு முன்னால் சைடு டிரம்மில் நீளமாக ஓர் உருட்டல் வரும். அதைக் கேட்டதும் நாங்கள் எழுந்துவிடுவோம். கீதம் தொடங்கட்டும் என்று யாரும் காத்திருப்பதில்லை. குச்சி தோலில் படபடத்த உடனே கால்கள் தானாக நேராகும், கைகள் பக்கவாட்டில் ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் பழக்கியது, எலும்பில் ஏறிவிட்டது. ஒருமுறை முடிதிருத்தும் கடையில், எதிர்க்கடைக்காரர் இரும்பு ஷட்டரை இறக்கிய சத்தத்துக்கு, பாதி முகம் சோப்பு நுரையோடு ஒருவர் எழுந்து விறைப்பாக நின்றதை நானே பார்த்திருக்கிறேன். கத்தி வைத்திருந்தவரும் நின்றார்.

அந்தச் சைடு டிரம்மை வாசிப்பது என் அத்தான்தான். ஊரையே எழுப்பி நிற்க வைக்கிற கை அவருடையது. வீட்டிலோ தம்ளரைக்கூடச் சத்தம் கேட்காமல் வைப்பார்.

5

இப்போது என் மருமகனைக் கொண்டுவர வேண்டும். அக்காவின் ஒரே பிள்ளை. நான்கு பகுதிகளாக அவனைத் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன், கவனித்திருப்பீர்கள்.

எங்களுக்கு அவன் ‘விசில்’. காலையில் பல் துலக்குகிற நேரம் தவிர எப்போதும் வாயில் விசில். அப்பா டிரம், அம்மா பேண்டு மாஸ்டர், பிள்ளைக்குச் சுருதி என்பது கிட்டவே வராது. "தூரமாப் போய் அடிடா, காது வலிக்குது," என்று அக்கா துரத்துவாள். மாடிப்படியில் உட்கார்ந்து அதே மெட்டை அதே தப்போடு மறுபடி அடிப்பான். ராணுவத்தில் சேர்ந்தான். சண்டைக்குப் போகவில்லை. முகாமில் சாமான் கிடங்கில் வேலை. அங்கே ஒரு காய்ச்சல் வந்தது. நாங்கள் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

தேசிய நாளன்று, போரில் இறந்த எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் பெயர்களை மேடையில் வாசிப்பார்கள். கூட்டம் எழுந்து நிற்கும். விசிலின் பெயர் அதில் வராது. அக்கா ஒரே ஒருமுறை விழாக்குழுச் செயலாளரிடம் கேட்டாள். அவர் கெட்டவர் இல்லை. மெதுவாகப் பேசுகிறவர். விதிகளைத் தன் சட்டைப் பொத்தான்களைப்போலக் கழுத்துவரை போட்டுக்கொள்கிற மனிதர், அவ்வளவுதான்.

"சண்டையில இறந்திருக்கணும்மா. விதி அப்படி இருக்கு. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க?"

"ஒண்ணும் பண்ண வேண்டாங்க," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். பிறகு கேட்கவில்லை. வீட்டிலும் அந்தப் பேச்சு இல்லை. அக்காவும் அத்தானும் விசிலைப் பற்றி ஒருவரோடொருவர் பேசி நான் கேட்டதே இல்லை. ஒரே மேஜையில், ஒரே இசைத்தாளின் இரண்டு பக்கங்களைப் பார்த்துக்கொண்டு, அவனைத் தொடாமல் வருஷங்களை ஓட்டினார்கள்.

(சந்தேகம்: இந்தப் பாத்திரம் தேவையா? இறந்த பிள்ளையைக் காட்டி வாசகரை அழவைப்பது மட்டமான வேலை என்று நானே கூட்டங்களில் முழங்கியிருக்கிறேன். அவனை எடுத்துவிட்டு எழுதிப் பார்த்தேன். கச்சேரி நடந்தது, கூட்டம் தப்பாக எழுந்தது, எல்லாரும் சிரித்தார்கள், சுபம். நல்ல நகைச்சுவைக் கதை. அதை முடித்துவிட்டுச் சாப்பிடப் போனேன். சாப்பாடு இறங்கவில்லை.)

(இன்னொன்று: விசில் தப்பாக அடிக்கும் அந்த ஒரு சுரத்தை, யூபோனியத்தின் மெட்டில் அக்கா வேண்டுமென்றே எழுதி வைத்தாள் என்று ஒரு வரி வந்தது. அழகாக இருந்தது. அடித்துவிட்டேன். அக்கா தப்புச் சுரம் எழுதமாட்டாள். பெற்ற பிள்ளைக்காகக்கூட எழுதமாட்டாள்.)

6

இந்த வருஷம் அவள் எடுத்தது ஒரு சிம்பொனியின் மெதுவான பகுதி. அதன் நடுவே ஓரிடத்தில் டபுள் பாஸ்கள் வில்லை நீளமாக இழுக்காமல், ஒரே சுரத்தில் நடுங்கவிடுகின்றன. மிக மெல்லிய அதிர்வு, தரைக்கடியில் யாரோ புரண்டு படுப்பதைப்போல. அதன் மேல் தனியாக ஒரு மெட்டு நடந்து போகிறது.

செயலாளர் ஓர் ஒத்திகைக்கு வந்து வாசலோரம் நின்று கேட்டார். "நடுவுல ரொம்ப அமைதியா இருக்கேம்மா. அதை எடுத்துட்டா கச்சிதமா இருக்கும்."

"எடுத்துடலாங்க," என்றாள் அக்கா. எடுக்கவில்லை.

விழா மாலை. பெயர்கள் வாசித்து முடிந்து, எல்லாரும் உட்கார்ந்தாயிற்று. மூன்றாவது வரிசையில் நான், கையில் கூம்பு ஐஸ்கிரீம். வெயில் இறங்கி, எல்லாருடைய முகமும் ஒரே நிறத்துக்கு வந்திருந்த நேரம். கிளாரினெட்டுகள் ஒன்றின் மூச்சை ஒன்று வாங்கிக்கொண்டு போயின. எங்கே ஒருவர் நிறுத்துகிறார், எங்கே அடுத்தவர் தொடங்குகிறார் என்று எனக்குத் தெரியவே இல்லை. பிறகு அவை ஒவ்வொன்றாக ஓய்ந்தன. டிரம் தொடங்கியது.

காதில் கேட்டதைவிட நாற்காலியின் இரும்புக் கால்களில்தான் முதலில் தெரிந்தது. அவ்வளவு சன்னமான உருட்டல். முன்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. அப்புறம் நாற்காலிகள் வரிசை வரிசையாகக் கிறீச்சிட்டன. படுத்திருந்தவர்கள் எழுந்தார்கள். நானும் எழுந்தேன். பூங்கா முழுக்க எழுந்து நின்று கீதத்துக்காகக் காத்திருந்தது.

கீதம் வரவில்லை. குண்டன் மட்டும் தனியாக, யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல, ஒரு மெட்டைத் தொடங்கியது.

உட்காரலாமா என்று பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். யாரும் உட்காரவில்லை, ஏனென்றால் யாரும் உட்காரவில்லை. ஐஸ்கிரீம் உருகி மணிக்கட்டு வழியாக முழங்கைக்குப் போய்ச் சட்டைக்குள் இறங்கியது. கையை அசைக்கவில்லை. ஒரு குழந்தையின் கையிலிருந்து பலூன் நழுவி மேலே போனது. குழந்தை அழாமல் அண்ணாந்து பார்த்தது. நாங்களும் பார்த்தோம். தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. டிரம் நிற்கவில்லை. ஒரு கட்டத்துக்குப் பிறகு கீதம் வரும் என்று யாரும் காத்திருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. வெறுமனே நின்றோம்.

கடைசியில் பித்தளைத் தட்டுகள் இரண்டு தடவை மோதின. உட்கார்ந்தோம். நிஜக் கீதம் வந்தது, மறுபடி எழுந்தோம். அது எப்போதும்போல இருந்தது.

(அன்றிலிருந்து எனக்கு ஒரு கனவு வருகிறது. பேண்டுக்காரர்கள் கருவிகளை உறையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். மேடை காலி. நாங்கள் அப்படியே நிற்கிறோம். தோள்களில் பனி இறங்குகிறது, குருவிகள் வந்து உட்காருகின்றன, விடிந்து வெயில் ஏறுகிறது. எங்கோ பின்வரிசையில் ஒருவன் விசிலடிக்கிறான், சுருதி சேராமல். நேராக நிற்கும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதால் யாரும் திரும்பவில்லை.)

7

புகார் இதுதான்: தேசிய கீதத்துக்கு உரிய மரியாதையை வேறொன்றுக்கு வாங்கிக்கொண்டார் மாஸ்டரம்மா. தெரியாமல் நடந்தது என்றால் ஒரு கண்டிப்போடு போய்விடும். தெரிந்து செய்தது என்றால் பேண்டு அவள் கையைவிட்டுப் போகும். பேண்டு இல்லாத அக்காவை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அந்த மேஜையின் இசைத்தாள் பாதியில் எதை வைப்பாள்?

முதல் பிரதி (தெரியாமல்): அக்கா மேஜையில் உட்கார்ந்திருக்கிறாள். டபுள் பாஸின் நடுக்கம் வருகிற இடம். யூபோனியத்துக்குக் கொடுக்கிறாள், அழிக்கிறாள். கிளாரினெட்டின் அடிச்சுரத்துக்குக் கொடுக்கிறாள், அழிக்கிறாள். மூச்சு வாங்காமல் இவ்வளவு நேரம் நடுங்க யாரால் முடியும்? டிரம்மால் முடியும். நிம்மதியாக எழுதுகிறாள். ஊர் எழுந்து நிற்கும் என்பது அந்த நிமிஷம் அவள் நினைவிலேயே இல்லை, ஏனென்றால் அவள் எப்போதும் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நிற்பவள்.

(நம்பலாம். ஆனால் இவ்வளவு காலம் இந்த ஊரில் பேண்டு நடத்தியவள்.)

இரண்டாம் பிரதி (தெரிந்து): ஒத்திகை. அந்த இடம் வந்ததும் அத்தான் குச்சியைத் தூக்காமல் அவளைப் பார்க்கிறார். "இதை வாசிச்சா எல்லாரும் எழுந்துடுவாங்களே."

"எழுதியிருக்கிறதை வாசிங்க."

அதற்கப்புறம் அவர் ஒத்திகைகளில் அந்த இடத்தைத் தொடையில் மட்டும் உருட்டிக்கொள்கிறார், வெளியே கேட்காமல்.

(இதுவும் நம்பும்படி இருக்கிறது. இரண்டும் என் கையெழுத்தில்தான் இருக்கின்றன. அதுதான் பயமாக இருக்கிறது.)

8

வேறு வழியில்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நேரில் போய்க் கேட்டேன்.

"அக்கா, தெரிஞ்சுதான் எழுதினியா?"

அவள் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள். "எங்கிட்ட டபுள் பாஸ் இல்லடா. இருந்தது உங்க அத்தான்தான்."

"வியாழக்கிழமை இந்தப் பதிலை வச்சுக்கிட்டு தப்பிக்க முடியாது."

"தெரியும். தப்பா நடந்துபோச்சுன்னு சொன்னா பேண்டு எனக்கு. ஆனா அத்தனை பேரு நின்னாங்களே, அதுவும் தப்புன்னு ஆயிடுமில்ல?" சீவலை ஊதினாள். "நீ என்ன வேணா எழுதிக்கோ. எனக்குத் தெரியும்னு எழுதாத. தெரியாதுன்னும் எழுதாத."

"அப்புறம் நான் எதைத்தான் எழுதறது?"

"நீதானடா பெரிய எழுத்தாளன்."

9

(இந்தப் பகுதியை அச்சுக்குப் போகும் முன் நீக்கிவிட வேண்டும்.)

அப்போது அத்தான் சாப்பிட வந்து உட்கார்ந்தார். வழக்கம்போலக் குனிந்து ரப்பர் துகள்களை ஊதினார். ஆனால் தட்டை வைக்கவில்லை.

"நீ திரும்பி நின்னுட்டிருந்த," என்றார் அக்காவிடம். "உனக்கு நாற்காலிச் சத்தம்தான் கேட்டிருக்கும். எனக்கு எதிர்ல தெரிஞ்சுது. மொதல்ல எழுந்தது யாருன்னு நான் பார்த்தேன்."

"யாரு?"

"செயலாளர்."

அக்கா பென்சிலைக் கீழே வைத்தாள்.

"கையில நிகழ்ச்சி நிரல் வச்சிருந்தாரு. கீதம் எதுக்கப்புறம்னு அவரே போட்டு அச்சடிச்சது. நான் வாசிக்க ஆரம்பிச்சதும் அதைப் பார்த்தாரு. உன் முதுகைப் பார்த்தாரு. தாளை மடிச்சு சட்டைப்பையில வச்சாரு. எழுந்து நின்னாரு. அவரைப் பார்த்துத்தான் மத்தவங்க எழுந்தாங்க."

மேஜை மேல் பென்சில் மெல்ல உருண்டு விளிம்புக்கு வந்தது. அத்தான் அதைப் பிடித்து நிறுத்தினார்.

"நம்ம விசிலுக்குத்தான் நிக்கிறாருன்னு எனக்குத் தோணுச்சு. அப்புறம் நிறுத்தவே மனசு வரல."

அந்த வீட்டில் அந்தப் பெயரைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று!

"எழுதினதைவிட ரொம்ப நீட்டிட்டீங்க," என்றாள் அக்கா. குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "அந்த மெட்டையே மறுபடி ஊதச் சொல்லி குண்டனுக்கு நான் ரெண்டாவது தடவை கை காட்ட வேண்டியதாப் போச்சு."

"காட்டின. நிறுத்துன்னு எனக்குக் காட்டலையே."

"காட்டல."

பிறகு அவர்கள் பேசினார்கள். அவன் மாடிப்படியில் அடித்த அந்த மெட்டு எது என்று. அத்தான் ஒன்று சொன்னார், அக்கா அது இல்லை என்றாள், இருவரும் மேஜையைத் தட்டித் தட்டிச் சண்டை போட்டார்கள். நான் ஒருவன் அங்கே இருப்பது இருவருக்கும் மறந்துபோயிருந்தது. கிளம்பும்போது வாசல்வரை வந்து அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டேய், அந்தச் செயலாளர் விஷயத்தை எழுதித் தொலைக்காத. பாவம், அந்த மனுஷனை மாட்டிவிட்றாத."

எழுதிவிட்டேன். நீக்கவும் மனம் வரவில்லை. ஆகவே சொல்லிவைக்கிறேன்: இந்தக் கதையில் வரும் செயலாளர் முழுக்கக் கற்பனை. நிஜச் செயலாளருக்கு மீசை உண்டு, இவருக்கு இல்லை. நிஜச் செயலாளர் தாளை மடிக்கவே இல்லை, கடைசிவரை கையிலேயே வைத்திருந்தார்.

10

வியாழக்கிழமை. ஒரு நீள மேஜை, அந்தப் பக்கம் விழாக்குழு, இந்தப் பக்கம் ஒற்றை நாற்காலியில் அக்கா. விதிப்படி கேள்வியைக் கேட்க வேண்டியவர் செயலாளர். கழுத்துவரை பொத்தான் போட்டிருக்கிறார். "தெரிஞ்சே செஞ்சீங்களாம்மா?" என்று கேட்கிறார். அக்கா நிமிர்ந்து அவரைப் பார்க்கிறாள். அவள்

(இல்லை. இதற்கு மேல் எழுதமாட்டேன். தெரியும் என்றும் எழுதாதே, தெரியாது என்றும் எழுதாதே என்று அக்கா சொல்லியிருக்கிறாள். அவள் என்ன சொன்னாலும், அதைக் கேட்கிற மனிதருக்கு விடை ஏற்கெனவே தெரியும். அது எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருக்கிறது.)

ஆசிரியருக்கு ஒரு முடிவு வேண்டும். என்னிடம் இல்லை. என்னிடம் இருப்பது மூன்றாவது வரிசையில், எனக்குப் பக்கத்தில், ஒரு காலி நாற்காலி. இரும்பு நாற்காலிதான், கொஞ்சம் ஆடும். வாருங்கள், உட்காருங்கள். வெயில் இறங்கிவிட்டது. அதோ, முதுகு தெரிகிறதே, அதுதான் அக்கா. அவளுக்கு நேர் எதிரே, குச்சிகளை எடுக்கிறாரே, அவர் அத்தான். கிளாரினெட்டுகள் ஒவ்வொன்றாக ஓய்கின்றன. நாற்காலியின் காலில் கை வைத்துப் பாருங்கள், தெரிகிறதா?

இது கீதம் இல்லை. இந்தமுறை அது உங்களுக்கும் தெரியும்.